தோல் சீவிய இஞ்சி

ஜூலை 2, புதன்

இரத்த அழுத்தம் கூடியிருக்கிறதாம். என்ன சாப்பிட்டேன், எப்போதெல்லாம் கோபம் வந்தது என்று ஒரு மாதம் எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார் டாக்டர். காலையில் இட்லி நான்கு, தக்காளிச் சட்னி. மதியம் சோறும் பாசிப்பருப்பும், உப்புக் குறைவாக. கோபம்: இல்லை.

டாக்டருக்கு இவ்வளவு போதும். அதை ஒரு தாளில் தனியாக எழுதிக் கொடுத்துவிடுவேன். இங்கே மற்றதையும் எழுதிக்கொள்ளப் போகிறேன்.

சத்தியமங்கலம் சாலையில் இருக்கிறது எங்கள் கம்பெனி. மிளகு, மஞ்சள், இஞ்சி இவற்றிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்து மருந்துக்காரர்களுக்கும் மிட்டாய்க்காரர்களுக்கும் விற்கிறோம். அதன் ஆய்வகத்தில் நான் பதினோரு வருடமாக இருக்கிறேன். சுகந்தி போன தீபாவளிக்குப் பிறகு சேர்ந்தாள். சுகந்தி என் மனைவி. மகள் மகிழினி ஏழாம் வகுப்புக்கு வந்து, தானே பூட்டுத் திறந்து வீட்டுக்குள் போகக் கற்றுக்கொண்டபின் வேலைக்கு வரட்டும் என்று நான்தான் சம்மதித்தேன். ஆய்வகத்தில் அவள் என்னை ‘சார்’ என்பாள். நானும் வாங்க, போங்க என்பேன். நாலு பேர் வேலை பார்க்கும் இடத்தில் அதுதான் மரியாதை.

இன்று முதலாளி தண்டபாணி எல்லோரையும் கூப்பிட்டார். இருமல் மிட்டாய் செய்யும் பெங்களூர்க்காரர்கள் இஞ்சிச் சாறு கேட்கிறார்களாம். பின்பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் புதுக் கட்டடம் முழுக்க இனி இஞ்சிக்குத்தான்.

“எந்தக் கரைப்பான்ல எடுத்தா காரம் நெறையா வருதுன்னு பாத்துச் சொல்லுங்க. ஆரு முறை நிக்குதோ அவங்கதான் புது யூனிட்டுக்கு ஹெட்டு,” என்றார் என்னைப் பார்த்து. நான் தலையாட்டி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் திரும்பி, “அம்மிணி, நீயுந்தான்,” என்றார்.

அந்த ‘நீயுந்தான்’ தேவையில்லாதது.

ஜூலை 3, வியாழன்

வேலையைப் பிரித்தேன். மூத்தவன் என்ற முறையில் பிரிப்பது என் பொறுப்பு.

இஞ்சிக்குள் இருப்பதெல்லாம் ஒரே கரைப்பானில் வந்துவிடாது. எதில் ஊறப் போடுகிறோமோ, அதற்குப் பிடித்தது மட்டும்தான் வெளியே வரும். உறைப்புக்குக் காரணம் ஜிஞ்சரால் என்னும் சத்து. அதற்குத் தண்ணீர் அவ்வளவாக ஆகாது, எரிசாராயமான ஸ்பிரிட் என்றால் ஓடி வரும். ஹெக்சேனில் போட்டால் வாசனை எண்ணெய் வரும், உறைப்பு பின்தங்கிவிடும். அசிட்டோன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். ஆனால் வாயில் போடும் மிட்டாய்க்கு அது வேண்டாம் என்று பெங்களூர்க்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆக, ஜெயிக்கப் போவது ஸ்பிரிட். அதை நான் எடுத்துக்கொண்டேன். தண்ணீரைச் சுகந்திக்குக் கொடுத்தேன். தண்ணீரையும் யாராவது செய்து பார்த்துத்தானே ஆகவேண்டும்?

மைசூர்ப் பக்கத்திலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாக இஞ்சி மூட்டை வந்து இறங்கியது. கைப்பிடிக்கு அடங்காத கொழுத்த இஞ்சியாகப் பொறுக்கி என் பக்கம் வைத்துக்கொண்டேன். முக்கியமான சோதனைக்கு நல்ல சரக்கு வேண்டும். மீதி இருந்தது விரல் தண்டிப் பொடிசுகள். அவை அவளுக்கு.

என் இஞ்சியை நானே சீவினேன். எங்கள் வீட்டில் தோல் சீவாத இஞ்சி அடுப்பங்கரைக்குள் வராது. கஷாயத்தில் துளித் தோல் மிதந்தாலும் அம்மா அப்படியே கொட்டிவிடுவாள். கத்தியை அழுத்திப் பிடித்து, உள்வெள்ளை தெரியும்வரை சீவினேன். தேங்காய்ச் சில்லுப்போல் இருந்தது, பார்க்கவே அழகு. சுகந்தியின் பொடிசுகள் கத்திக்கு அடங்கவில்லை. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, தோலோடு வில்லை போட்டு உலர்த்தியில் வைத்தாள். பார்த்தேன். தண்ணீர்ச் சோதனைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

தண்ணீர்ச் சாற்றின் முடிவு வந்தது. எடை ஏகப்பட்டது, எல்லாம் மாவும் பசையும். உறைப்பு பெயருக்குக்கூட இல்லை.

“கஞ்சி காச்சியிருக்கீங்க போல?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இரவு தோசை, மிக நன்றாக இருந்தது. கோபம்: இல்லை.

ஜூலை 9, புதன்

ஸ்பிரிட் வைத்திருக்கும் அலமாரிக்கு அரசாங்க உரிமம் உண்டு, பூட்டு உண்டு. சாவி என் இடுப்பில்.

“சார், ரெண்டு லிட்டரு ஸ்பிரிட்டு வேணுமுங்க.”

“தண்ணியிலதானே உங்க வேலை?”

“தண்ணியில சித்தெ ஸ்பிரிட்டக் கலந்து பாக்கலாமுன்னுங்க.”

அரை லிட்டர் அளந்து கொடுத்தேன். உரிமத்தில் மாதத்துக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. சும்மா அள்ளிக் கொடுக்க முடியுமா?

ஜூலை 10, வியாழன்

அரை லிட்டரில் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள், விருந்தாளி கூடிவிட்ட வீட்டில் மோரைப் பெருக்குவதுபோல. பாவமாகத்தான் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

சாற்றில் எது எவ்வளவு இருக்கிறது என்று கோடுகோடாகப் போட்டுக் காட்டும் கருவி ஒன்று எங்களிடம் இருக்கிறது. கோடு உயர்ந்தால் சத்து அதிகம். காலையில் என் சாறு ஓடியது. சுத்த ஸ்பிரிட்டில் எடுத்தது, நல்ல உயரம். மதியம் அவளுடையது ஓடியது. எழுபது பங்கு ஸ்பிரிட், முப்பது பங்கு தண்ணீர். ஜிஞ்சரால் கோடு ஏறிக்கொண்டே போய், என்னுடையதைப்போல் ஒன்றரை மடங்கில் நின்றது.

கருவியில் கோளாறு என்றேன். கழுவி மறுபடி ஓட்டினோம். அதே கோடு.

“நெசமாவா சார்?” என்று என்னையே கேட்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமான புதிதில் இப்படிச் சிரிப்பாள். நடுவில் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு, பேச்சுக் கேட்காது. சிரிப்பது தெரியும். காபி உள்ளே போனது. அந்த அறைக்குள் எனக்கு யாரும் காபி கொண்டுவந்ததாக நினைவில்லை. ஒருவேளை நான் கேட்டதில்லையோ என்னவோ.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் பின்னாலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். “எழுவதுலதானுங்க கரெக்டா நிக்குது. அம்பதுக்குக் கொறச்சா பசை வந்து வடிகட்டியே அடைச்சுக்குது. ஏனுங்க, கேக்குதுங்களா?” ஹெல்மெட் போட்டிருந்ததால் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

எனக்கு ஒரு சந்தேகம். சாற்றைச் சரியாக உலர்த்தாவிட்டால் கரைப்பான் உள்ளேயே தங்கிவிடும். எடை, கணக்கு எல்லாம் தப்பிப் போகும். படித்து வெகுநாள் வீட்டில் இருந்தவர்கள் செய்யக்கூடிய பிழைதான். மகியின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று அவள் முன்னாலேயே கிளம்பிவிட்டாள். அவளுடைய சாறு இருந்த தட்டை எடுத்து மறுபடி உலர்த்தி எடை போட்டேன். இம்மியும் குறையவில்லை.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்ப்பது அறிவியலில் வழக்கம். சொல்லிவிட்டுச் செய்வதும் வழக்கம்தான்.

ஜூலை 19, சனி

“சார், என்ற தட்டை ஆராச்சும் எடுத்தாங்களா? எடம் மாறியிருக்குதுங்க.”

“தெரியலீங்க,” என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

கோழிக் குழம்பு. இரண்டாவது தடவை கேட்கவில்லை, அவளாகவே போட்டாள்.

மகிக்கு அறிவியலில் ஏதோ சந்தேகம். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போய், “அம்மா, உப்பு ஏன் எண்ணெய்ல கரைய மாட்டீங்குது?” என்கிறாள். கரைப்பான் விஷயம்! பதினோரு வருடமாக நான் பார்க்கும் வேலை! சுகந்தி கடுகு தாளித்துக்கொண்டே சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பதாக மகி சொன்னபோதுதான் கவனித்தேன்.

எம்.எஸ்ஸி.யில் சுகந்தி தங்கப் பதக்கம். நான் பாஸ். மாப்பிள்ளை வேலையில் இருக்கிறார் என்றுதான் அவர்கள் வீட்டில் பெண் கொடுத்தார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

அவள் முறையிலேயே, எழுபதுக்கு முப்பது கலந்து, என் இஞ்சியைப் போட்டுப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கோடு என் பழைய உயரத்திலேயே நின்றது! அவள் உயரத்துக்குப் போகவே இல்லை.

அப்படியானால் கரைப்பானால் வந்த உயரம் இல்லை அது. எங்கோ ஏதோ இடிக்கிறது. இரவு இட்லி நான்கு, பிறகு ஐந்தாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

அடுத்த சோதனைக்கு இஞ்சி சீவி, தோலை ஒரு கூடையில் போட்டு வைத்திருந்தேன். ஆய்வகம் பெருக்க வந்த ஆயா கூடையைத் தூக்கினார். குப்பென்று வந்த நெடி தொண்டையைப் பிடித்தது. சீவி வைத்த வெள்ளை இஞ்சியை முகர்ந்தேன். அவ்வளவு நெடி இல்லை. கூடையை வாங்கி, தோலை உலர்த்திப் பொடித்து, ஸ்பிரிட்டில் போட்டு ஓட்டினேன். குப்பைக்குப் போகவிருந்த தோலின் கோடு என் வெள்ளை இஞ்சியின் கோட்டைத் தாண்டி நின்றது. தோலுக்குக் கீழே ஒட்டினாற்போலத்தான் உறைப்பு குடியிருக்கிறது. நான் அழுத்தி அழுத்திச் சீவி, அதை முழுக்கக் கூடையில் தள்ளியிருக்கிறேன்.

அவள் இஞ்சியில் தோல் இருந்தது. அதுவும் பொடிசு இஞ்சி, எடைக்கு எடை தோல் அதிகம். ஜெயித்தது எழுபதும் இல்லை முப்பதும் இல்லை, தோல்!

இருக்கையில் உட்கார முடியவில்லை. எழுந்து புதுக் கட்டடம் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். தலைவருக்கான அறையில் பெரிய ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து, நான் வாசலில் நின்று ‘மேடம்’ என்று கூப்பிடுவதாகப் பத்து நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குத்தான் நின்றது.

அவளுக்குத் தோல் இஞ்சி எப்படிப் போனது என்று யாரும் கேட்கப் போவதில்லை.

ஜூலை 28, திங்கள்

நேர்மையான சோதனை ஒன்று வைத்தேன். ஒரே இஞ்சி, இரண்டுமே தோலோடு. ஒன்று சுத்த ஸ்பிரிட்டில், இன்னொன்று எழுபதில். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். சுத்த ஸ்பிரிட் ஒரு மயிரிழை முந்துகிறது. மயிரிழையானாலும் முந்துவது முந்துவதுதான்.

ஜூலை 30, புதன்

“சார், கொழுத்த இஞ்சி ஒரு கிலோ கெடைக்குங்களா?” என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

“எதுக்கு?”

“மனசுல என்னமோ உறுத்துதுங்க. உங்க இஞ்சியும் என்ற இஞ்சியும் ஒண்ணில்லீங்களே. ஒரே இஞ்சியில ரெண்டையும் போட்டுப் பாத்துட்டு முதலாளிகிட்டச் சொன்னா நல்லாருக்குமுங்க.”

மூட்டை என் மேஜைக்குப் பின்னால்தான் இருந்தது.

“தீர்ந்துபோச்சுங்க,” என்றேன்.

அவள் மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “செரீங்க சார்,” என்று போய்விட்டாள்.

தன் முறையைத் தானே சந்தேகப்பட அவளால் முடிகிறது. நான் இதுவரை அப்படிச் சந்தேகப்பட்டதே இல்லை. அதை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. கோபம் என்று டாக்டர் தாளில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று கூட்டம். முதலில் சுகந்தி தன் முறையைச் சொன்னாள். கடைசியில், “ஒரு கொறை இருக்குதுங்க, இஞ்சி ஒரே மாதிரி இல்லீங்க,” என்று ஆரம்பித்தாள். நான் விடவில்லை. எழுந்துகொண்டேன்.

தோலின் கோடு, வெள்ளை இஞ்சியின் கோடு, ஒரே இஞ்சியில் இரண்டு கரைப்பான்கள் என்று எல்லாத் தாளையும் மேஜையில் பரப்பினேன். “மேடம் ஒப்பிட்டது வேற வேற இஞ்சியை. எழுபதுனால அதிகமா வரலீங்க, தோலுனால வந்துது. ஒரே இஞ்சியில போட்டா சுத்த ஸ்பிரிட்டுதான் முன்னால நிக்குது.” தடங்கலே இல்லாமல் பேசினேன். கல்லூரியில்கூட இப்படிப் பேசியதில்லை.

முதலாளி தாள்களைப் புரட்டினார். “இஞ்சி ஏன் வேற வேறயாப் போச்சு? ஆரு பிரிச்சது?”

மேஜையில் கிடந்த ஒரு தாளை நேராக்கி வைத்தேன். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

“பொடிசாப் பாத்து நாந்தானுங்க எடுத்துக்கிட்டேன்,” என்றாள் சுகந்தி. “கழுவறதுக்குச் சுளுவா இருக்குமுன்னுங்க.”

முதலாளி அதற்குமேல் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார். “அப்ப தோலச் சீவ வேண்டியதே இல்லியா?”

“இல்லீங்க,” என்றேன் நான். அதைத்தானே அரைமணி நேரமாக நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

“எழுவதுல எடுத்தாலும் ஏறக்கொறைய அதே காரம்?”

“மயிரிழை குறையுங்க.”

“மயிரிழைய மிட்டாய்ல ஆரு கண்டா?” என்று மேஜையைத் தட்டினார். “ஸ்பிரிட்டு உரிமத்துக்கு ஆபீஸ் ஆபீஸா நடந்து என்ற காலே தேஞ்சுபோச்சு. மூணுல ஒரு பங்கு தண்ணின்னா இருக்கிற உரிமத்துலயே யூனிட்ட ஓட்டிப்போடலாம். சீவறதுக்கு ஆள் தேடற வேலையும் இல்ல. அம்மிணி முறையே நிக்கட்டும். அம்மிணிதான் ஹெட்டு. நல்லசிவம், நல்ல வேல பண்ணுன. நீ பாத்துச் சொல்லலீன்னா நான் இன்னும் ஓசனை பண்ணீட்டே இருந்திருப்பேன்.”

அவள் முறையை உடைக்க எடுத்துப்போன தாள்கள்தான் அதை நிற்க வைத்தன. நான் அவளுக்குக் கொடுத்த பொடிசு இஞ்சி தோலோடு போனது. நான் அளந்து கொடுத்த அரை லிட்டர் ஸ்பிரிட், அவளை மேலும் தண்ணீர் சேர்க்க வைத்தது. எல்லாம் என் கையால் போனவை.

சுகந்தி எழுந்து, “சார் கண்டுபுடிக்கலீன்னா நான் தப்பான காரணத்தையே சொல்லீட்டு இருந்திருப்பனுங்க. அவருக்குத்தான் நன்றி சொல்லோணும்,” என்றாள். அவள் தோற்றிருந்தால் என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியுமா? கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆகஸ்ட் 2, சனி

கோபம்: ஆம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பவானி ஆற்றங்கரையில் கால்வைக்க இடமில்லை. புளிசாதம், தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் என்று மூன்று தூக்கு. சுகந்தியின் அண்ணன் குடும்பமும் வந்திருந்தது. “மாப்ள, திங்கக்கெழமையிலிருந்து ஊட்டுலயும் அவதான் முதலாளி, ஆபீசுலயும் அவதான் முதலாளி!” என்று மச்சான் என் முதுகில் தட்டினார். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். புளிசாதம் இறங்கவில்லை.

மற்றவர்கள் முளைப்பாரி விடப் போனார்கள். மகி முழங்கால் தண்ணீரில் நின்று ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். படியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

“மூட்டை வந்த அன்னைக்கு நல்ல இஞ்சியா நீங்க பொறுக்குனத நான் பாத்துட்டுத்தானுங்க நின்னேன்,” என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. “என்ற தட்ட எடுத்ததும் தெரியுமுங்க. நீங்க எடுத்து வெச்சா தட்டோட புடி எப்பவும் சொவரப் பாத்து இருக்கும். புதங்கெழம மூட்டைய வெச்சுக்கிட்டே தீந்துபோச்சுன்னீங்க.”

“அப்பறம் எதுக்கு முதலாளிகிட்ட நீ எடுத்ததாச் சொன்ன?”

“அத்தன பேரு முன்னால உங்களக் கேள்வி கேட்டா எனக்குப் பொறுக்கலீங்க. அது வேற. இப்ப நான் கேக்கறதுக்குச் சொல்லுங்க. எதுக்கு அப்படிப் பண்ணுனீங்க?”

சரிபார்த்தேன், மூத்தவன், முக்கியமான சோதனை என்று ஒரு மாதமாக இந்தப் பக்கங்களில் எழுதியதெல்லாம் வரிசையாக வாய்க்கு வந்தது.

“பொறாமை,” என்றேன். “வயிறு எரிஞ்சுது, சுகந்தி. இப்பவும் எரியுது.”

திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் தூக்கின் மூடியைப் போட்டு அழுத்தினாள்.

“எனக்கும் எரிஞ்சுதுங்க,” என்றாள். “பதினோரு வருசம். காத்தால நீங்க வண்டிய எடுக்கறப்பெல்லாம் எரியும். பொழுதோட உங்க சட்டையத் தொவைக்கப் போடறப்ப அதுல ஒரு நாள் மஞ்ச வாசம் அடிக்கும், ஒரு நாள் மொளகு வாசம் அடிக்கும். இன்னைக்கு என்ன ஓட்டியிருப்பாங்கன்னு மோந்து பாத்துட்டே நிப்பேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, புள்ள.”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

தண்ணீரிலிருந்து மகி கூப்பிட்டாள். சுகந்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருப்பேன். அவளுக்கும் அது தெரியும். நான் பதில் சொல்வதற்குக் காத்திராமல் படியிறங்கிப் போனாள்.